காளான் குடிலுக்கு எந்த லினக்ஸ் போர்டு?

டிஸ்கி: நான் படிக்கறது பி.காம். எலெக்ட்ரானிக்ஸ் பசங்க யாராவது இந்தப் பக்கம் வந்துட்டீங்கன்னா, ஓம் விதிக்கு மேல என்கிட்ட எதிர்பார்க்காதீங்க :-)

செமஸ்டர் லீவுல முதல் ரெண்டு வாரம் முழுக்க கூகிளாண்டவர் காலடியிலயே கிடந்தேன். தேடினது ஒரே விஷயம்தான். லினக்ஸ் ஓடற குட்டி போர்டு ஒண்ணு வேணும், எதை வாங்கறது? கேள்வி ஒரு வரிதான். பதில் தேடிப் போனா ராஸ்பெரி பை, ஆரஞ்சு பை, பனானா பைன்னு பழமுதிர்சோலைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு. எல்லாத்துலயும் இத்தனை கோர், இத்தனை கிகாஹெர்ட்ஸ், இத்தனை ஜிபின்னு பெரிய பட்டியல். நமக்கு எது வேணும்னு மட்டும் அந்தப் பட்டியல் சொல்லாது.

முதல்ல எதுக்கு வேணும்னு சொல்லிடறேன். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துல எங்க சித்தி சிப்பிக் காளான் போடறாங்க. ஓலைக் குடில், உள்ள வரிசையா தொங்கற வைக்கோல் படுக்கைகள். காளானுக்கு வெயிலும் ஆகாது, வறட்சியும் ஆகாது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது, ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழ போகக் கூடாது. அதுக்காகப் புகை மாதிரி தண்ணி தெளிக்கற ஃபாகரும் ஒரு சின்ன பம்பும் வச்சிருக்காங்க. போன சித்திரையில ஒரு ராத்திரி பம்ப் நின்னு போச்சு. யாருக்கும் தெரியல. அடுத்த நாள் மத்தியானம் பார்க்கறப்ப மொட்டு விட்டிருந்த படுக்கை எல்லாம் காய்ஞ்சு சருகாக் கிடந்துச்சு. மகளிர் குழுவுல வாங்கின கடனுக்கு அந்த மாசத் தவணை கட்ட சித்தியோட தோடு அடகுக்குப் போச்சு.

அப்பதான் நான் வாயைக் குடுத்தேன். குடிலுக்குள்ள எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்னு நாள் முழுக்கக் குறிச்சு வச்சு, எல்லை தாண்டினா போனுக்குச் செய்தி அனுப்பற மாதிரி ஒரு பொட்டி செஞ்சு தர்றேன்னு சொன்னேன். சித்தி நாலாயிரம் ரூபாய் எடுத்துக் கையில குடுத்தாங்க. இப்ப தப்பிக்க முடியாது.

ஹாஸ்டல்ல ஈ.சி.ஈ. படிக்கற ரூம்மேட்கிட்ட கேட்டேன். அவன் சொன்ன பதில் நியாயமானது. "டேய், வெப்பம் அளக்க எதுக்குடா லினக்ஸ்? ஐநூறு ரூபாய்க்குள்ள ஈஎஸ்பி32 கிடைக்கும். வைஃபை அதுலயே இருக்கு. முடிஞ்சுது மேட்டர்." யோசிச்சுப் பார்த்தா உண்மைதான். ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை பிகோ மாதிரி போர்டுகள் மைக்ரோகண்ட்ரோலர் ரகம். (பிகோ 2021-ல வந்தது. பெயர்ல பை இருந்தாலும் அதுல லினக்ஸ் ஓடாது. பெயரைப் பார்த்து வாங்கினா ஏமாந்துடுவோம்.) கரண்ட் வந்ததும் கண் இமைக்கறதுக்குள்ள வேலையை ஆரம்பிச்சுடும். ஒழுங்கா ஷட் டவுன் பண்ணணும்ங்கற கவலையே கிடையாது. பட்டுன்னு கரண்டைப் புடுங்கலாம். ஒரே வேலையை ஆயிரம் நாளானாலும் அலுக்காம செய்யும்.

லினக்ஸ் போர்டு அப்படி இல்ல. அது முழுக் கம்ப்யூட்டர். எழுந்திரிக்கவே அரை நிமிஷம் ஆகும். ஒரே சமயத்துல பத்து வேலை பார்த்துட்டு இருக்கறதால, நாம சொன்ன மைக்ரோ செகண்டுல நாம சொன்ன வேலையைச் செய்யும்னு உறுதி சொல்ல முடியாது. ஆனா அதுக்குன்னு சில கெட்டிக்காரத்தனம் உண்டு. வருஷக் கணக்கைக் கோப்புல சேர்த்து வைக்கும், அதை வரைபடமாப் போட்டு வீட்டு வைஃபையில ஒரு பக்கமாக் காட்டும், நான் கோயம்புத்தூர்ல இருந்தே உள்ள நுழைஞ்சு நிரலைத் திருத்தலாம்.

ரெண்டுல எது? இந்த இடத்துல எனக்கு உதவினது எலெக்ட்ரானிக்ஸ் இல்ல, ஆடிட்டிங் பேப்பர்! இன்டர்னல் செக்னு ஒரு பாடம் படிச்சிருப்போம். காசை வாங்கறவரும் கணக்கு எழுதறவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினப்ப அதுல ஒரு சுவாரசியமும் இல்ல. காளான் குடில்ல அதைப் பொருத்திப் பார்த்தா அவ்வளவு கச்சிதமா உட்காருது. பம்பை இயக்கற பொட்டியே "பம்ப் நல்லாத்தான் ஓடுது"ன்னு கணக்கும் எழுதினா, அது படுத்துக்கற அன்னிக்குக் கணக்கும் சேர்ந்து படுத்துக்கும். போன சித்திரையில நடந்ததே திரும்ப நடக்கும்.

அதனால வேலையைப் பிரிச்சேன். பம்பைப் போட்டு நிறுத்தறது ஈஎஸ்பி32. அதுக்குத் தனி சென்சார். பழைய கை சுவிட்ச் அப்படியே இருக்கும், பொட்டி படுத்தாலும் சித்தி கையால போட்டுக்கலாம். லினக்ஸ் போர்டுக்குப் பம்போட ஒரு சம்பந்தமும் கிடையாது. அது தன்னோட சொந்த சென்சாரை வச்சுப் பார்க்கும், எழுதும், கத்தும். அவ்வளவுதான். ரெண்டு பேர் சொல்ற எண்ணும் ஒத்துப் போகலைன்னா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். பாஸ் புக்கையும் கேஷ் புக்கையும் சரிபார்க்கற மாதிரி.

ஆக நான் தேடறது இயந்திரம் ஓட்டற ஆளை இல்ல, கணக்குப்பிள்ளையை. இது தெளிவானதும் பாதிப் பட்டியல் தானா கழண்டு போச்சு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒரு வரி எழுதினா நாளைக்கு 144 வரி, வருஷத்துக்கு 52,560 வரி. ஒரு வரிக்கு 40 எழுத்துன்னு வச்சாலும் வருஷத்துக்கு ரெண்டு எம்பி சொச்சம்தான். இதுக்கு 8 ஜிபி ராம் வச்ச பை 5 எதுக்கு? அதுக்கு 5 வோல்ட், 5 ஆம்பியர்ல தனி அடாப்டர் வேற பரிந்துரைக்கறாங்க. போதாததுக்கு 2025 கடைசியில மெமரி சிப் விலை ஏறினதுல பை 4, பை 5 விலையும் ஏறிடுச்சு. கிராமத்துக் கணக்குக்கு சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் வைக்கற கதை.

வேகம் முக்கியமில்லைன்னு ஆன பிறகு என்ன முக்கியம்? இதைச் சித்திதான் கேட்டாங்க. நான் செய்யறதை எல்லாம் பார்த்துட்டு, "ஏங்கண்ணு, நீ காலேஜுல இருக்கறப்ப இந்தப் பொட்டி நின்னு போச்சுன்னா நான் யாரைக் கூப்படறது?"ன்னாங்க. எத்தனையோ விமர்சனம் படிச்சேன், ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்கல!

இந்தக் கேள்வியோட குட்டிக் கம்ப்யூட்டர்களோட வரலாற்றைப் பார்த்தா அது பாதி சுடுகாடு. 2015-ல அமெரிக்காவுல நெக்ஸ்ட் திங்னு ஒரு கம்பெனி, சிப்ங்கற பேர்ல ஒன்பது டாலர் கம்ப்யூட்டர்னு கிக்ஸ்டார்ட்டர்ல அறிவிச்சாங்க. இருபது லட்சம் டாலருக்கு மேல மக்கள் பணத்தைக் கொட்டினாங்க. நிஜமாவே நல்ல போர்டு. ஒரு கிகாஹெர்ட்ஸ், 512 எம்பி, வைஃபை, போர்டுலயே சேமிப்பு. எனக்குப் பொறாமையா இருந்தது என்னன்னா, பேட்டரியை நேரா மாட்டிக்க இடம் இருந்துச்சு, சார்ஜும் அதுவே பண்ணிக்கும். நம்ம ஊர் கரண்டுக்குச் செஞ்ச மாதிரி. 2018-ல கம்பெனி திவால். மென்பொருளை ஏத்தறதுக்கு இருந்த தளமும் போச்சு, ஆர்வலர்கள் எடுத்து வச்ச நகல்களை நம்பித்தான் அந்த போர்டுகள் பிழைச்சுது.

சின்ன கம்பெனி, அதனால கவுந்துச்சுன்னு சொல்வீங்க. இன்டெல் சின்ன கம்பெனியா? 2013-ல கலிலியோ, 2014-ல எடிசன், 2016 ஆகஸ்ட்ல ஜூல். மூணையும் 2017 ஜூன்ல நிறுத்தப் போறதா அறிவிச்சுட்டாங்க. ஜூல் பொறந்து ஒரு வருஷம் கூட ஆகல. பெரிய கம்பெனிக்கு இது பத்தோட பதினொண்ணு. பிடிக்கலைன்னா மூடிட்டுப் போயிடுவாங்க. கோயிங் கன்சர்ன்னு அக்கவுண்ட்ஸ்ல முதல் வருஷமே சொல்லித் தர்றாங்க, வியாபாரம் தொடர்ந்து நடக்கும்ங்கற அனுமானம். போர்டு வாங்கறப்ப அந்த அனுமானத்தைச் சும்மா வச்சுக்கக் கூடாது, தோண்டிப் பார்க்கணும்.

ராஸ்பெரி பையை அப்படித் தோண்டினேன். 2012 பிப்ரவரி 29-ல முதல் போர்டு, 35 டாலர். பசங்க நிரல் எழுதக் கத்துக்கணும்னு பிரிட்டன்ல கேம்பிரிட்ஜ்ல எபன் அப்டனும் கூட்டாளிகளும் ஆரம்பிச்சது. 2015 நவம்பர்ல ஐந்து டாலருக்கு பை ஜீரோ. அதை மேக்பைங்கற பத்திரிகையோட அட்டையில ஒட்டி இலவசமாவே குடுத்தாங்க. (நம்ம வாரப் பத்திரிகையில ஷாம்பு பாக்கெட் ஒட்டிக் குடுப்பாங்களே, அது மாதிரி கம்ப்யூட்டர்!) 2024 ஜூன்ல லண்டன் பங்குச்சந்தையில பட்டியலாச்சு, பங்கு 280 பென்ஸ். இப்ப அதுவும் லாபம் பார்க்கற கம்பெனிதான், தர்மசத்திரம் இல்ல. 2021-ல ஆரம்பிச்சு 2023 வரைக்கும் சிப் தட்டுப்பாடு வந்தப்ப இருந்த சரக்கைத் தொழிற்சாலைகளுக்கு முதல்ல குடுத்தாங்க, பொழுதுபோக்குக்கு வாங்கறவங்க கடைகடையாத் தேடி அலைஞ்சாங்க. கோபப்பட்டவங்க நிறைய. எனக்கு அதுலயே ஒரு தைரியம் கிடைச்சுது. தொழிற்சாலைகள் இதை நம்பி இயந்திரம் செஞ்சு விக்கறாங்கன்னா, திடீர்னு மூடிட்டுப் போறது சுலபம் இல்ல. ஒவ்வொரு மாடலும் குறைஞ்சது எந்த வருஷம் வரைக்கும் தயாரிப்புல இருக்கும்னு முன்கூட்டியே எழுதியும் வைக்கறாங்க.

இதைவிட மலிவா போர்டு இல்லையான்னா, இருக்கு. ஆரஞ்சு பை வகையில நிறைய. 2023-ல மில்க்-வி டியோன்னு ஒண்ணு வந்துச்சு, 64 எம்பி ராம்ல லினக்ஸ் ஓடுது, ஆச்சரியம்தான். ஆனா மலிவான போர்டுகள்ல பலதுலயும் ஒரே கதை. தயாரிச்சவர் ஒரு தடவை லினக்ஸ் கெர்னலைத் தன் சிப்புக்கு ஏத்த மாதிரி ஒட்டுப்போட்டுத் தருவார், அப்புறம் அடுத்த போர்டு செய்யப் போயிடுவார். ஆர்ம்பியன் மாதிரி தன்னார்வலர் கூட்டம் சிலதைத் தத்தெடுத்துக் காப்பாத்துது. அவங்களுக்குப் பெரிய கும்பிடு. நமக்குக் கெர்னலைத் தொகுக்கத் தெரியும்னா தாராளமா வாங்கலாம். காமர்ஸ் பையனுக்கு அந்தத் தைரியம் வேண்டாம்.

மனசு உண்மையிலேயே தடுமாறினது பீகிள்போன் பிளாக் கிட்டதான். 2013-ல வந்தது. ரெண்டு பக்கமும் சேர்த்து 92 பின். 200 மெகாஹெர்ட்ஸ்ல தனியா ஓடற ரெண்டு குட்டி செயலிகள் உள்ளயே இருக்கு. லினக்ஸ் தூங்கினாலும் அதுங்க மைக்ரோ செகண்டு பிசகாம வேலை பார்க்கும். ராஸ்பெரி பையில அனலாக் சென்சாரை நேராச் செருக வழியே கிடையாது, பீகிள்போன்ல ஏழு இடம் இருக்கு (1.8 வோல்ட்டுக்கு மேல குடுத்தா அம்பேல்). எல்லாத்துக்கும் மேல சேமிப்பு போர்டுலயே ஒட்டியிருக்கு, வடிவமைப்பு வரைபடம் முழுக்க வெளிப்படையா இருக்கு. மோட்டாரோ, இயந்திரமோ ஓட்டறதுன்னா கண்ணை மூடிட்டு இதையே வாங்கியிருப்பேன். ஆனா வைஃபை கிடையாது, விலையும் என் பட்ஜெட்டை விழுங்கிடும். அதோட எனக்கு வேணும்ங்கறது கணக்குப்பிள்ளை. ஓட்டுநரைத்தான் ஏற்கனவே ஈஎஸ்பி32-ஆ வேலைக்குச் சேர்த்தாச்சே.

(பழைய லேப்டாப் ஒண்ணை மூலையில வச்சா போதாதா? போதும், பேட்டரியும் அதுலயே இருக்கு. ஆனா சென்சார் செருக பின் இல்ல, எங்க வீட்டுப் பழைய லேப்டாப்புல பேட்டரியும் இல்ல.)

கடைசியா வாங்கினது ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ. 2021 அக்டோபர்ல 15 டாலர்னு அறிவிச்சு வந்தது. 65-க்கு 30 மில்லிமீட்டர், அதாவது சூயிங்கம் பாக்கெட் அளவு. நாலு கோர், 512 எம்பி, வைஃபை. ஒரு வாட் இழுக்குதுன்னு வச்சாலும் வருஷம் முழுக்க 9 யூனிட் கூட ஆகாது. குறைன்னா, வாங்கினப்ப பின் வைக்க வெறும் ஓட்டைதான் இருந்துச்சு, நாற்பதையும் நாமதான் சால்டர் பண்ணணும். ரூம்மேட் பண்ணிக் குடுத்தான், ஒரு முட்டை பரோட்டா செலவு. முக்கியமா ஒண்ணு, இதோட பின்கள் 3.3 வோல்ட். அஞ்சு வோல்ட் சமிக்ஞையை நேரா உள்ள விட்டா போர்டு பரலோகம்.

மெமரி கார்டைப் பத்தித் தனியாச் சொல்லணும். இந்த போர்டுக்கு ஹார்ட் டிஸ்க்கே அந்தக் கார்டுதான். எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் போனா? லினக்ஸ் இதுக்கு ஒரு ஏற்பாடு வச்சிருக்கு, அதோட பேரே ஜர்னல்! எக்ஸ்ட்4 கோப்பு முறையில முதல்ல ஜர்னல்ல குறிச்சுட்டு அப்புறம்தான் பேரேட்டுக்கு ஏத்தும். படிச்சப்ப நான் குதிச்ச குதி ரூம்மேட்டுக்குப் புரியவே இல்ல. அவனுக்கு டெபிட் கிரெடிட் தெரியாதே, பாவம். ஆனா இதுவும் முழுப் பாதுகாப்பு இல்ல. கார்டுக்குள்ள ஒரு தனி மூளை இருக்கு. கரண்ட் போறப்ப அது பாதி வேலையில இருந்தா லினக்ஸோட ஜர்னலால ஒண்ணும் செய்ய முடியாது. அதனால அமைப்புல ஓவர்லேங்கற வசதியை இயக்கிட்டேன். சிஸ்டம் கார்டைப் படிக்க மட்டும் செய்யும், எழுதாது. குடில் கணக்கு தனியா ஒரு பென் டிரைவ்ல போகுது. அதே மாதிரி நகல் எடுத்த இன்னொரு மெமரி கார்டு சித்தி வீட்டு அரிசி டப்பாவுல, கவர் போட்டு. பச்சை லைட் எரியலைன்னா கரண்டை எடுத்துட்டு கார்டை மாத்திப் போடணும். சித்தியை ரெண்டு தடவை செய்ய வச்சுப் பார்த்தேன். சிம் கார்டு மாத்தத் தெரிஞ்சவங்களுக்கு இது பெரிய வித்தையா? போர்டே போச்சுன்னா இன்னொரு ஜீரோ 2 டபிள்யூ வாங்கி அதே கார்டைச் செருகினா போதும்.

சென்சார் விஷயத்துல இன்னொரு ஆச்சரியம். டிஎஸ்18பி20-ங்கற தண்ணி புகாத வெப்பமானியை மாட்டினா, லினக்ஸ்ல அது ஒரு கோப்பாத் தெரியுது! திறந்தா உள்ள 27500-ன்னு இருக்கும். 27.5 டிகிரின்னு அர்த்தம், ரூபாயைப் பைசாவுல எழுதற மாதிரி. 85000-ன்னு வந்தா குடில் தீப்பிடிக்கல, சென்சாருக்குச் சரியா மின்சாரம் போகலைன்னு அர்த்தம்.

ஈரப்பத சென்சார்கள் அந்தக் குடிலோட ஈரத்துல ரொம்ப நாள் தாக்குப் பிடிக்காதுன்னு படிச்சதால, இயற்பியல் ஆய்வகப் பழைய வழிக்குப் போயிட்டேன். ரெண்டு வெப்பமானி, ஒண்ணுக்கு ஈரத்துணி சுத்தி, சின்ன ஃபேன் காத்துல வைக்கறது. உலர்ந்தது 28, ஈரமானது 26-ன்னா ஈரப்பதம் சுமார் 85 சதவீதம். ஒவ்வொண்ணுலயும் அரை டிகிரி பிழை வரலாம்ங்கறதால முதல்லயே ரெண்டையும் ஒரே டம்ளர் தண்ணியில போட்டு வித்தியாசத்தைக் குறிச்சுக்கணும். போர்டு குடிலுக்கு வெளிய டப்பாவுல இருக்கு, வயர் மட்டும் உள்ள போகுது.

பத்து நாளா ஓடிட்டு இருக்கு. நாலாயிரத்துல போர்டு விலை பாதி கூட இல்ல. கார்டு, அடாப்டர், சென்சார், டப்பா, வயர்தான் மீதியைத் தின்னுச்சு. மூணு தடவை கரண்ட் போச்சு, மூணு தடவையும் தானா எழுந்து கணக்கை விட்ட இடத்துல இருந்து எழுதுச்சு. கரண்ட் போனா முதல்ல சாகறது வைஃபை ரவுட்டர்தான், அப்ப செய்தி வெளிய போகாது. அதுக்குக் குட்டி யூபிஎஸ் ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன், அடுத்த மாச ஸ்காலர்ஷிப் வரட்டும்.

இப்ப தீராத தலைவலி ஒண்ணுதான், அதுவும் லினக்ஸ் இல்ல. அந்த ஈரத்துணி. எங்க ஊர் போர் தண்ணி உப்புத் தண்ணி, ரெண்டே நாள்ல துணி விறைச்சு வெள்ளை பூத்துடுது, ஈரமானி தப்புக் கணக்கு சொல்ல ஆரம்பிக்குது. மழைத்தண்ணி பிடிச்சு வச்சு ஊத்தலாம்னு சித்தி சொல்றாங்க. பேட்டரிக்கு ஊத்தற தண்ணி வாங்கிப் பார்க்கலாம்னு எனக்கு ஒரு யோசனை. காளான் போடறவங்களோ, இயற்பியல் வாத்தியார் யாராவதோ படிச்சீங்கன்னா எது சரின்னு சொல்லிட்டுப் போங்க.